இரு வாக்கெடுப்புகளுக்கு இடையே



தேர்தலின் வரலாறு என்றால் வாக்குப்பதிவு நாளின் வரலாறு என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். நம் நாட்டுச் சட்டமன்றத் தேர்தலிலும் நாடாளுமன்ற மக்களவைத் தேர்தலிலும் மக்கள் ஒருமுறை வாக்களிக்கின்றனர். மிகுதியான வாக்குகளைப் பெற்றவர் வென்றவராகிறார். வேறு சில நாடுகளில் அவ்வாறன்று. எவரும் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெறாவிடில், மக்கள் மீண்டும் ஒருமுறை வாக்குச் சாவடிக்குச் செல்ல வேண்டும். முதல் வாக்கெடுப்புக்கும் இரண்டாம் வாக்கெடுப்புக்கும் இடைப்பட்ட அச்சில நாள்களில் மக்கள் பேசுவதில்லை. கட்சித் தலைவர்களே பேசுகின்றனர். நிற்பவரை நிறுத்தலாமா, மாற்றலாமா, மாற்றினால் எவரைக் கொணரலாம் என்ற ஊகங்கள் ஊரெங்கும் உலவும். அத்தகைய ஊகம் ஒன்று உண்மையாகி, ஒரு பெரிய நாட்டின் வரலாற்றில் ஆழமாகப் பதிந்த கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நாடு ஜெர்மனி, ஆண்டு 1925.

முதல் உலகப் போரில் தோல்வியுற்ற ஜெர்மனியில் 1918 நவம்பரில் முடியாட்சி வீழ்ந்தது. மறு ஆண்டு வைமார் நகரில் கூடிய தேசிய சபை குடியரசு அரசியலமைப்பு ஒன்றை வகுத்தது. அச்சபை தன் முதல் பணிகளுள் ஒன்றாக, 1919 பிப்ரவரி 11ஆம் நாள் ஃபிரீடிரிக் எபெர்ட் என்பாரைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தது. எபெர்ட் இளமையில் சேணம் தைக்கும் தொழிலாளியாக இருந்தவர். சமூக ஜனநாயகக் கட்சியின் தலைவராக உயர்ந்தவர். புதிய அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு, குடியரசுத் தலைவரை மக்கள் அனைவரும் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விதித்தது. ஆனால், நாடு கலக்கத்தில் இருந்தமையால் அந்நேரடித் தேர்தல் தள்ளிக்கொண்டே போயிற்று. எபெர்ட்டின் பதவிக் காலத்தை நாடாளுமன்றம் 1925 ஜூன் வரை நீட்டித்தது.

அவர் அதுவரை வாழவில்லை. குடல்வால் அழற்சி முற்றி, 1925 பிப்ரவரி 28ஆம் நாள் தம் 54ஆம் வயதில் மறைந்தார். மக்கள் நேரடியாகத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய வேளை, எவரும் எதிர்பாராத வகையில் வந்து சேர்ந்தது.

அப்பதவியின் ஆற்றல் யாது என்பதை இங்கே அறிந்துகொள்ளுதல் வேண்டும். வைமார் அரசியலமைப்பின்படி தலைவரின் பதவிக் காலம் 7 ஆண்டுகள். நாடாளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரத்தை 25ஆம் பிரிவு அவருக்கு அளித்தது. சான்சலர் எனப்படும் தலைமை அமைச்சரை அமர்த்தவும் நீக்கவும் 53ஆம் பிரிவு இடமளித்தது. நாட்டின் அமைதிக்கு ஊறு நேருமாயின், அவசரச் சட்டங்களைப் பிறப்பிக்கவும், மக்களின் அடிப்படை உரிமைகள் சிலவற்றை நிறுத்திவைக்கவும் 48ஆம் பிரிவு வழிவகுத்தது. படைகளின் தலைமையும் அவரிடமே இருந்தது. இவ்வளவும் எவர் கையில் சேரும் என்பதே 1925 வசந்த காலத்தில் ஜெர்மானியர் எதிர்நோக்கிய வினா.

தேர்தல் முறையைக் கூறும் சட்டம் 1920ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்தது. முதல் வாக்கெடுப்பில் வெல்வதற்குப் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் வேண்டும். எவரும் அவ்வளவு பெறாவிடில் இரண்டாம் வாக்கெடுப்பு நிகழும்; அதில் மிகுதியான வாக்குகள் பெற்றாலே போதும். இதுவரை எளிதாகவே விளங்குகிறது. ஆயின், அச்சட்டத்தில் விந்தையான கூறு ஒன்று இருந்தது. இரண்டாம் வாக்கெடுப்பில் முதல் இருவர் மட்டுமே நிற்க வேண்டும் என்ற வரையறை இல்லை. அது மட்டுமன்றி, முதல் வாக்கெடுப்பில் நில்லாத புதியவர் ஒருவரும் இரண்டாவதில் நிற்கலாம். பேரரசுக் காலத்து நாடாளுமன்றத் தேர்தல்களில் மறு வாக்கெடுப்பு முதல் இருவர்க்கு இடையே மட்டும் நடந்தது. ஜெர்மானியர் அம்முறையை நன்கு அறிந்திருந்தனர். குடியரசோ தன் தலைவர் தேர்தலில் வாயிலை அகலத் திறந்து வைத்தது.

1925 மார்ச் 29ஆம் நாள் முதல் வாக்கெடுப்பு நடைபெற்றது. வாக்குரிமை பெற்றவர்களில் நூற்றுக்கு 69 பேர் வாக்களித்தனர். வலதுசாரிக் கட்சிகளின் கூட்டு வேட்பாளரான கார்ல் யாரெஸ் 1 கோடியே 4 இலட்சம் வாக்குகளைப் பெற்று முதலிடத்தில் நின்றார். அது நூற்றுக்கு 38.8 பங்கு. சமூக ஜனநாயகக் கட்சியின் ஓட்டோ பிரவுன் 78 இலட்சம் பெற்றார், பங்கு 29. கத்தோலிக்கரின் ஆதரவைப் பெற்ற மையக் கட்சியின் வில்ஹெல்ம் மார்க்ஸ் ஏறத்தாழ 39 இலட்சம் பெற்றார், பங்கு 14.5. இவர் பொதுவுடைமைத் தத்துவம் வகுத்த காரல் மார்க்ஸ் அல்லர். நீதிபதியாக இருந்து அரசியலுக்கு வந்தவர், சான்சலர் பதவி வகித்தவர். பொதுவுடைமைக் கட்சியின் எர்னஸ்ட் தேல்மான் நூற்றுக்கு 7 பங்கும், ஜனநாயகக் கட்சியின் வில்லி ஹெல்பாக் 5.8 பங்கும், பவேரிய மக்கள் கட்சியின் ஹைன்ரிஷ் ஹெல்டு 3.7 பங்கும் பெற்றனர். போரில் புகழ்பெற்ற தளபதி லூடென்டார்ஃப் தேசிய சமதர்மக் கட்சியினர், அதாவது ஹிட்லரின் கட்சியினர், ஆதரவோடு நின்று நூற்றுக்கு 1.1 பங்கே பெற்றார். ஹிட்லரின் கட்சி அன்று அவ்வளவு சிறிதாக இருந்தது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

எவரும் பாதியைத் தொடவில்லை. இரண்டாம் வாக்கெடுப்பு ஏப்ரல் 26ஆம் நாள் என்று குறிக்கப்பட்டது. இடையே இருந்தவை 28 நாள்கள்.

கட்சித் தலைவர்கள் கணக்குப் போடத் தொடங்கினர். சமூக ஜனநாயகக் கட்சி, மையக் கட்சி, ஜனநாயகக் கட்சி ஆகிய மூன்றும் குடியரசை ஏற்று நின்றவை. அம்மூன்றின் வாக்குகளையும் கூட்டினால் நூற்றுக்கு 49.3 பங்கு வருகிறது. ஆகவே மூவரும் ஒருவரை நிறுத்தினால் வெற்றி ஏறக்குறைய உறுதி. அந்த ஒருவர் யார்? எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பிரவுனே நின்றிருக்க வேண்டும். மார்க்ஸைப் போல இரு மடங்கு வாக்குகள் பெற்றவர் அவர். எனினும், கத்தோலிக்க வாக்காளர் பலர் சமதர்மவாதி ஒருவர்க்கு வாக்களிக்கத் தயங்குவர். கட்டுப்பாடு மிக்க சமூக ஜனநாயகத் தொழிலாளரோ தம் கட்சி கேட்டுக்கொண்டால் மார்க்ஸுக்கு வாக்களிப்பர். இவ்வாறு எண்ணிப் பெரியவர் விலக, சிறியவர் நின்றார். பிரவுன் மீண்டும் பிரஷ்ய மாநிலத்தின் தலைமை அமைச்சரானார். மையக் கட்சி அதற்குத் துணைநின்றது. இங்கும் வேட்பாளர் மாற்றம் நிகழ்ந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. ஆயினும் முன் வந்தவர் முதல் வாக்கெடுப்பில் மக்கள் முன் நின்றவரே, புதியவர் அல்லர்.

மறுபுறம் யாரெஸின் நிலை இடர்ப்பாடாயிற்று. அவர் டூயிஸ்பர்க் நகரின் மேயர். உள்துறை அமைச்சராகவும் துணைச் சான்சலராகவும் இருந்தவர். குறை சொல்ல முடியாத நிர்வாகி. முதலிடம் பெற்ற வேட்பாளரை எந்தக் கட்சியாவது மாற்றுமா என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் கணக்கு கடுமையாக இருந்தது. யாரெஸ், ஹெல்டு, லூடென்டார்ஃப் ஆகிய மூவரின் வாக்குகளையும் சேர்த்தாலும் நூற்றுக்கு 44 பங்கைத் தாண்டவில்லை. வெற்றி வேண்டுமாயின் இரண்டு வகையினர் புதிதாக வர வேண்டும்: முதல் வாக்கெடுப்பில் வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் ஒரு வகையினர்; பெர்லினிலிருந்து வரும் எதையும் ஐயத்தோடு நோக்கும் பவேரியர் மற்றொரு வகையினர். யாரெஸ் திறமையானவர் எனினும், இவ்விரு வகையினரையும் ஈர்க்கும் பெயர் அவர்க்கு இல்லை.

அந்நாள்களில் வலதுசாரிகளின் கூட்டுக் குழுவில் யாரெஸே நிற்பதா, வேறொருவர் வருவதா என்ற பேச்சு ஓயவில்லை. இறுதியில் ஒரு பெயர் மேலோங்கியது: பால் வான் ஹிண்டன்பர்க். 1847இல் பிறந்த அப்பெரியவர்க்கு அப்போது வயது 77. 1866ஆம் ஆண்டுப் போரிலும் 1870ஆம் ஆண்டுப் போரிலும் கலந்துகொண்டவர். 1914 ஆகஸ்டில் டானென்பர்க்கில் ரஷ்யப் படையை முறியடித்ததாகப் புகழப்பட்டவர். 1916 முதல் போர் முடியும் வரை தலைமைத் தளபதியாக இருந்தவர். போருக்குப் பின் ஹானோவர் நகரில் ஓய்வாக வாழ்ந்துவந்தார். எந்தக் கட்சியிலும் உறுப்பினர் அல்லர். முடியாட்சியில் பற்றுடையவர் என்பதை அவர் மறைத்ததும் இல்லை. 1919இல் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் சான்று கூறியபோது, ஜெர்மன் படை முதுகில் குத்தப்பட்டது என்ற கருத்தை வெளியிட்டுத் தோல்வியின் பழியைப் படைத்தலைமையிலிருந்து அகற்றியவரும் அவரே.

அவரை நிறுத்துவது பற்றி வலதுசாரிகளிடையே ஒருமித்த கருத்து இல்லை. வெளியுறவு அமைச்சர் ஸ்டிரெஸ்மான் அஞ்சினார். பிரான்சோடும் பிரிட்டனோடும் எல்லைப் பாதுகாப்புப் பற்றிய உடன்படிக்கை ஒன்றை அவர் முயன்றுகொண்டிருந்த காலம் அது. போர்த் தளபதி ஒருவர் நாட்டின் தலைவரானால் அண்டை நாடுகள் என்ன நினைக்கும்? வெளிநாட்டுக் கடனை நம்பியிருந்த தொழிலதிபர் சிலர்க்கும் இதே கவலை இருந்தது. ஹிண்டன்பர்க்கும் முதலில் இணங்கவில்லை. கைசரின் கடற்படையைக் கட்டியெழுப்பிய பெருங்கடற்படைத் தலைவர் டிர்பிட்ஸ் நேரில் ஹானோவருக்குச் சென்று வற்புறுத்தினார். ஏப்ரல் தொடக்கத்தில் கிழவர் ஒப்புக்கொண்டார், யாரெஸ் விலகினார். ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்களின் வாக்கைப் பெற்றவர் ஒதுங்க, ஒரு வாக்கும் கேட்டிராதவர் அவரிடத்தில் வந்து நின்றார்.

இம்மாற்றத்தின் விளைவு உடனே தெரிந்தது. பவேரிய மக்கள் கட்சி கத்தோலிக்கர் கட்சிதான், மார்க்ஸும் கத்தோலிக்கரே. எனினும் சமூக ஜனநாயகவாதிகளின் துணையோடு நிற்பவரை ஆதரிக்க அக்கட்சி விரும்பவில்லை; பிரஷ்யப் புராடஸ்டண்டான ஹிண்டன்பர்க்கை அது ஆதரித்தது. புராடஸ்டண்டு வாக்காளர் பலர்க்கு மார்க்ஸின் கத்தோலிக்கப் பற்றே தடையாயிற்று. தேல்மான் வெற்றிக்கு வாய்ப்பில்லை என்று தெரிந்தும் விலகாது நின்றார். ஆக, இரண்டாம் வாக்கெடுப்பில் போட்டி மும்முனையாயிற்று.

ஏப்ரல் 26ஆம் நாள் வாக்களித்தோர் தொகை நூற்றுக்கு 78 ஆக உயர்ந்தது. ஹிண்டன்பர்க் 1 கோடியே 46 இலட்சத்து 55 ஆயிரம் வாக்குகளும், மார்க்ஸ் 1 கோடியே 37 இலட்சத்து 51 ஆயிரம் வாக்குகளும், தேல்மான் 19 இலட்சத்து 31 ஆயிரம் வாக்குகளும் பெற்றனர். நூற்றுக்கு 48.3, 45.3, 6.4 என்பன அவர்தம் பங்குகள். வேற்றுமை ஏறத்தாழ 9 இலட்சம் வாக்குகள்.

இவ்வெண்களைச் சற்றே உற்று நோக்குங்கள். மூன்று குடியரசுக் கட்சிகளும் முதல் வாக்கெடுப்பில் பெற்றதைக் காட்டிலும் மார்க்ஸ் ஏறக்குறைய 5 இலட்சம் வாக்குகள் மிகுதியாகவே பெற்றார். ஆகவே குடியரசுக் கூட்டணி மொத்தத்தில் சுருங்கிவிடவில்லை. ஹிண்டன்பர்க்கோ யாரெஸ், ஹெல்டு, லூடென்டார்ஃப் மூவரும் பெற்றதற்கு மேல் ஏறத்தாழ 29 இலட்சம் பெற்றார். இரண்டு வாக்கெடுப்புகளுக்கும் இடையே கூடிய வாக்குகள் ஏறத்தாழ 35 இலட்சம். முதலில் வராதவர் வந்து சேர்ந்ததே முடிவை மாற்றியது என்று கூறுவது பிழையாகாது. கட்சித் தலைவர்களின் ஊகம் கணக்களவில் சரியாக முடிந்தது.

மே மாதம் 12ஆம் நாள் ஹிண்டன்பர்க் குடியரசின் அரசியலமைப்புக்கு உட்பட்டு நடப்பதாக உறுதிமொழி எடுத்துக்கொண்டார். வியப்பு என்னவெனில், முதல் சில ஆண்டுகள் அவர் அதனைக் காத்தே நின்றார். ஸ்டிரெஸ்மான் அஞ்சியது நிகழவில்லை. 1925 அக்டோபரில் லொகார்னோ உடன்படிக்கைகள் உருவாயின. 1926இல் ஜெர்மனி சர்வதேச சங்கத்தில் சேர்ந்தது. முடியாட்சியை மீட்பார் என்று நம்பியவர்கள் ஏமாற்றமே அடைந்தனர். அன்று யாரேனும் இந்த மாற்றத்தைக் குறைகூறியிருந்தால், வீண் அச்சம் என்று பலர் நகைத்திருப்பர்.

சோதனைக் காலம் பின்னரே வந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சி ஜெர்மனியைத் தாக்கியது. 1930 மார்ச்சில் நாடாளுமன்றப் பெரும்பான்மை பெற்றிருந்த கூட்டணி அரசாங்கம் கவிழ்ந்தது. அதன்பின் ஹிண்டன்பர்க் பெரும்பான்மை இல்லாத சான்சலர்களை அமர்த்தி, 48ஆம் பிரிவின் துணைகொண்டு ஆட்சியை நடத்தச் செய்தார். நாடாளுமன்றம் மறுத்தபோது அதனைக் கலைத்தார். 1930 செப்டம்பர்த் தேர்தலில் ஹிட்லரின் கட்சி 107 இடங்களைப் பெற்றது.

1932இல் மீண்டும் தலைவர் தேர்தல் வந்தது. இம்முறை ஹிண்டன்பர்க்கை எதிர்த்து நின்றவர் ஹிட்லர். 1925இல் ஹிண்டன்பர்க்கை எதிர்த்த சமூக ஜனநாயகக் கட்சியும் மையக் கட்சியும், ஹிட்லரைத் தடுக்கும் பொருட்டு, 84 வயதான அதே ஹிண்டன்பர்க்குக்கு வாக்களிக்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டன. இரண்டாம் வாக்கெடுப்பில் அவர் நூற்றுக்கு 53 பங்கு பெற்று வென்றார். ஹிட்லர் பெற்றது 36.8 பங்கு. ஒன்பது மாதங்கள் கழித்து, 1933 ஜனவரி 30ஆம் நாள், தோற்ற ஹிட்லரை வென்ற ஹிண்டன்பர்க்கே சான்சலராக அமர்த்தினார். நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றிய மறுநாள், பிப்ரவரி 28ஆம் நாள், மக்களின் அடிப்படை உரிமைகளை நிறுத்திவைக்கும் ஆணையிலும் அவரே கையெழுத்திட்டார். அது எபெர்ட் மறைந்து சரியாக எட்டு ஆண்டுகள் நிறைந்த நாள். 1934 ஆகஸ்டு 2ஆம் நாள் ஹிண்டன்பர்க் மறைந்தபோது, தலைவர் பதவியும் சான்சலர் பதவியும் ஹிட்லர் ஒருவர் கையிலே சேர்ந்தன.

இங்கே வரலாறு பயில்வோர்க்கு ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். 1925இல் யாரெஸே நின்று மார்க்ஸ் வென்றிருந்தால் ஹிட்லர் ஆட்சிக்கு வந்திருக்கவே மாட்டார் என்று சொல்வது எளிது, மெய்ப்பிப்பது அரிது. பொருளாதார வீழ்ச்சி எவர் தலைவராயினும் வந்தே இருக்கும். வேலையிழந்தோரின் சினமும் பெருகியே இருக்கும். தேல்மான் விலகியிருந்தால் அவர் பெற்ற வாக்குகள் அனைத்தும் மார்க்ஸுக்கே சென்றிருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. நான் வலியுறுத்துவது இதைக் காட்டிலும் சிறியது, ஆனால் உறுதியானது. 48ஆம் பிரிவை எப்போது எடுப்பது, சான்சலராக எவரை அழைப்பது என்பவற்றை ஒரு தனி மனிதரின் மனம் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அம்மனிதர் குடியரசை விரும்பியவரா, பொறுத்துக்கொண்டவரா என்பது பெரிய வேற்றுமை. அந்த வேற்றுமை 1925 ஏப்ரலில் தீர்மானிக்கப்பட்டது.

அவ்வாறாயின் வேட்பாளரை மாற்றுவதே தவறா? அப்படிக் கூற நான் துணியேன். சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. இரு தரப்பும் மாற்றின. இரண்டாம் நாள் வாக்களித்தவர்கள் எவருக்கு வாக்களிக்கிறோம் என்று அறிந்தே வாக்களித்தனர். ஆனால் மாற்றுபவர் மனத்தில் எழுந்த வினா எது என்பதைக் கவனியுங்கள். இப்பதவிக்கு எவர் தகுதியுடையவர் என்று அவர்கள் கேட்கவில்லை. எந்தப் பெயர் அதிக வாக்குகளைத் திரட்டும் என்றே கேட்டனர். வாக்குத் திரட்டும் வேலை ஒரே நாளில் முடிந்துவிடும். பதவியின் வேலை 7 ஆண்டுகள் நீடிக்கும். ஒரு நாளைக்கு ஏற்ற மனிதரை 7 ஆண்டுகளுக்கு அமர்த்தியதே அன்று நிகழ்ந்தது.

பிற்காலத்தார் இதனின்று பாடம் கற்றுச் சட்டங்களை வகுத்தனர். மேற்கு ஜெர்மனி 1949இல் இயற்றிய அடிப்படைச் சட்டம், மக்கள் நேரடியாகத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையையே கைவிட்டது. நாடாளுமன்ற உறுப்பினரும், அவர்க்குச் சம எண்ணிக்கையில் மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுப்போரும் கூடிய பேரவை அவரைத் தேர்ந்தெடுக்கிறது. அவருடைய அதிகாரங்களும் சுருக்கப்பட்டன. பிரான்சு வேறு வழியை மேற்கொண்டது. 1962இல் திருத்தப்பட்ட அதன் அரசியலமைப்பின்படி மக்களே குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆனால் இரண்டாம் வாக்கெடுப்பில் இருவர் மட்டுமே நிற்கலாம். அவ்விருவரும் முதல் வாக்கெடுப்பில் நின்றவராகவே இருத்தல் வேண்டும். முன்னணியில் உள்ளவர் விலகினால் அடுத்த நிலையில் உள்ளவர் வருவாரேயன்றிக் கட்சி புதியவரை நுழைக்க இயலாது. அவ்விருவருள் ஒருவர் இறந்தாலோ செயலிழந்தாலோ என்ன செய்வது? 1976ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்கும் விடை கூறுகிறது: தேர்தலை முதலிலிருந்தே மீண்டும் நடத்த வேண்டும். இருமுறை மக்களைக் கேட்பதாயின், இருமுறையும் அதே மனிதர்களைப் பற்றியே கேட்க வேண்டும் என்பதே இவ்விதியின் உட்கருத்து என எனக்குத் தோன்றுகிறது.

நேயர்களே, செய்தித்தாள்களில் ஏதேனும் ஒரு நாட்டில் இரு வாக்கெடுப்புகளுக்கு இடையே வேட்பாளரை மாற்றப்போவதாக ஊகம் எழுந்தால், அது வெறும் கட்சி வம்பு என்று தள்ளிவிடாதீர்கள். மூன்று வினாக்களைக் கேளுங்கள். அந்நாட்டுச் சட்டம் அதற்கு இடம் தருகிறதா? வரவிருப்பவர் முன்னமே மக்கள் முன் நின்று வினாக்களுக்கு விடை கூறியவரா? அவரை அழைப்பவர்கள் அவருடைய பெயரை வேண்டுகின்றனரா, அவருடைய பணியை வேண்டுகின்றனரா? ஹானோவரில் ஓய்வாக இருந்த அம்முதியவரைத் தேடிச் சென்றவர்கள் மூன்றாம் வினாவுக்கு நேர்மையாக விடை கூறியிருந்தால், யாரெஸ் நின்றிருப்பார். ஒருவேளை தோற்றும் இருப்பார். தேர்தலில் தோற்பது ஒரு கட்சிக்கு நேரும் சிறு இழப்பு. 1925இல் வென்றவர்கள் அவ்விழப்பைத் தவிர்த்தனர். அதன் விலையைப் பிற்காலத்தில் ஒரு நாடே கொடுத்தது.